காமன் எரிந்தானா, இல்லையா? தெமோதரைக்கு நான் போன தூது

இந்தப் பயணம் நான் திட்டமிட்டதில்லை. கொழும்புக்குப் பக்கம் வத்தளையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் சுதன்தான் என்னை அனுப்பி வைத்தான். போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கீழே இறங்கி வந்து, "அங்கிள், நீங்க லாவணி லாவணின்னு பிளாக்ல எழுதுவீங்களே, எங்க தோட்டத்துல இந்த ஞாயித்துக்கிழமை பாடுறாங்க. போயிட்டு வாங்க" என்றான். "நீயும் வா" என்றேன். அப்போதுதான் முகம் மாறியது.

சுதன் மேல்மாடியில் நிரோஷனோடு வாழ்கிறான். நண்பர்கள் என்று சொல்லித்தான் வாடகைக்கு வந்தார்கள். அதற்கு மேல் உள்ளதை நான் ஆறு மாதத்தில் கண்டுபிடித்தேன். என் வீட்டம்மா ஆறு நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தாராம். இருவரும் சேர்ந்திருந்த ஒரு படம், யாரோ அனுப்பி, மூன்று வருடத்துக்கு முன் அவன் பிறந்த தேயிலைத் தோட்டத்துத் தொலைபேசிகளில் எல்லாம் சுற்றியதிலிருந்து அவன் ஊருக்குப் போகவில்லை. இப்போது நிரோஷனுக்கு வெளிநாட்டில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. வைகாசியில் இருவரும் புறப்படுகிறார்கள். அங்கே போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள எண்ணம். "போறதுக்கு முன்னால சித்திரைக்கு அம்மாவைப் பாக்கணும் அங்கிள். நான் வரலாமான்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

ஆக, அன்பர்களே, உலகத்தின் மாபெரும் தூதர்கள் வரிசையில் அடியேனும் சேர்ந்தேன். அவர்களுக்கெல்லாம் யானை, குதிரை, படை பரிவாரம். எனக்கு ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கெட்டும் வீட்டம்மா கட்டிக் கொடுத்த இடியப்பப் பொட்டலமும். (சுதனிடம் கேட்டு, எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரைக் கேட்டு யாரும் கருத்துப் பெட்டியில் நச்சரிக்க வேண்டாம்.)

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலை ஐந்து ஐம்பத்தைந்து ரயில். முன்பதிவு செய்யாதவர்கள் ஐந்து மணிக்கே மேடையில் நின்றால்தான் யன்னலோரம் கிடைக்கும். நானுஓயா தாண்டியதும் குளிர் ஏறியது. என் பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் தண்டவாளம் உடைந்துவிட்டதென்று எழுந்து நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். எல்லவில் வெளிநாட்டுக்காரர்கள் மொத்தமாக இறங்கிவிட, பெட்டி நமக்கே. ஒன்பது வளைவுப் பாலத்தை இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஓடி ஓடிப் பார்த்தேன். அடுத்து தெமோதரை. இங்கேதான் ரயில் தன் வாலைத் தானே கடிக்கப் போகும் பாம்பு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, நாம் நின்ற நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. நான் இறங்கிவிட்டதால், வண்டி என் காலுக்கடியில் போவதை மேலே நின்று பார்த்தேன். மூன்றேகால் மணி. இதற்குக் கட்டணம் கிடையாது.

நிலைய வாசலில் ஆட்டோவோடு நின்றவர், சுதன் கொடுத்த எண்ணில் நான் முன்பே அழைத்திருந்த அவன் தாய்மாமன் பொன்னையா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஒரு லொறி. லாவணியில் எரியாத கட்சியின் தலைப்பாட்டுக்காரர். தோட்டம் ஆறு கிலோமீட்டர் மேலே. எழுநூறு ரூபாய் வாங்கினார். அந்தப் பாதையில் இருக்கும் குழிகளில் ஒன்றில் பதுளை மாநகரசபையையே உள்ளே வைத்து மூடிவிடலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாசி அமாவாசைக்குப் பிறகு மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் செய்து வைப்பார்கள். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் எரிப்பார். ரதி அழுது கேட்டதும், 'இனி அவன் உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான்' என்று வரம் கொடுப்பார். இங்கே பிடிக்கிறது வழக்கு. ரதிக்குத் தெரிகிறானே, அதனால் எரியவில்லை என்று ஒரு கட்சி. ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லையே, அதனால் எரிந்தான் என்று மறு கட்சி. டேப் என்ற சின்ன வட்டப்பறையைத் தட்டிக்கொண்டு மாறி மாறிப் பாடுவதுதான் லாவணி. டேப் யார் கையில் ஒலிக்கிறதோ அவர் பாடி முடிக்கும் வரை வேறெவரும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. இந்தத் தோட்டத்தில் இன்னொரு கட்டாயம்: இரண்டு கட்சியும் பாடாமல் காமனை எரிப்பதில்லை.

நான் போன அன்று மாலை ரதி மன்மதன் கல்யாணம். மாப்பிள்ளை தோட்டத்து மின்சார வேலைக்காரர். மணமகள், மீசையை மழித்துப் பட்டுச் சேலை கட்டிய ஒரு லொறி கிளீனர். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று இரண்டு பக்கமும் சீர்த்தட்டு. தாலி ஏறியதும் ஊரே அட்சதை போட்டது, நானும் போட்டேன். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, பொன்னையாவின் காதருகே குனிந்தேன்.

"ரெண்டும் ஆம்பளைதானேய்யா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, அது கூத்து. காப்பு அவுத்ததும் ஒருத்தன் லொறிக்குப் போறான், ஒருத்தன் போஸ்ட்டுல ஏறுறான். ஒங்க கொழும்பு மூளைய இங்க கொண்டாந்து விரிக்காதீங்க, மழை வந்து நனைஞ்சிரும்."

தூதர் அத்தோடு வாயை மூடினார்.

ஞாயிறு காலை பதுளைக்குப் போனோம். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் பராட்டாவும் பருப்பும் சாப்பிட்டு (இரண்டு பேருக்கு எண்ணூற்றைம்பது), துன்ஹிந்த அருவிக்கு வண்டியைத் திருப்பினோம். வழியில் ஒரு மண்டபத்தைக் கடக்கும்போது பொன்னையா பிரேக் போட்டார்.

"இந்த மண்டபந்தாண்ணே. போன வாரம் இங்கதான் என் மைக்க அமத்துனாங்க."

யாரோ ஓர் அமைப்பினர் கல்யாணச் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். சுதனின் தங்கை கோகிலா தோட்டத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. அவள் இவருடைய ஆட்டோவில்தான் வந்திருக்கிறாள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும் என்று அவள் எழுந்து பேசியிருக்கிறாள். வாசலில் நின்ற இவரையும், கருத்துச் சொல்லுங்கள் என்று உள்ளே அழைத்திருக்கிறார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேரு ஒரு காம்பராவுல இருக்கிறது அவங்க பாடு, பொலிஸ் போய்க் கதவு தட்டுறது அநியாயம்னேன். ஆனா அதுக்குக் கல்யாணம்னு பேரு வச்சா நான் ஒத்துக்க மாட்டேன்னேன். ஏன்னு சொல்ல வாயெடுத்தேன். ஒரு புள்ள ஓடியாந்து மைக்க அமத்திப்புட்டா. இந்த மாதிரிப் பேச்சுக்கு இங்க எடமில்லையாம். கருத்துக் கேக்கத்தானே கூப்புட்டீங்கன்னேன். வெளிய கொண்டாந்து விட்டுட்டாங்க."

"ஏதாவது கெட்ட வார்த்தை...?"

"அத மருமகக்கிட்டயே கேளுங்க. முன் வரிசையில ஒக்காந்து கை தட்டுனவ அவதான்."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எதிர்க் கருத்தைக் கேட்டு நான் கோபத்தில் எழுந்து போன கூட்டங்கள் உண்டு. ஆனால் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் வாயைத் திறந்ததும் மூடுவதா? மேல்மாடிப் பையன்கள் நன்றாக இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், என்னை விருந்துக்கு அழைக்க வேண்டும் என்பது என் கட்சி. என் கட்சிக்காரர்களே இப்படிச் செய்தார்கள் என்பதுதான் தொண்டையில் மாட்டிய முள்.

துன்ஹிந்த பற்றி ஒரு வார்த்தை: நுழைவாயிலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை; குரங்குகளிடம் கவனம். அருவியின் இரைச்சலில் என் வீட்டம்மாவின் தொலைபேசி அழைப்புக் கேட்கவில்லை என்று நான் சொன்னதை இதுவரை யாரும் நம்பவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கோயில் முன்றலில் லாவணி. லயங்கள் என்கிற வரிசை வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பொன்னையா எரியாத கட்சி. எதிரே எரிந்த கட்சிக்கு, இறந்துபோன தகப்பனின் டேப்பை ஏந்தி இரண்டு வருடமாகப் பாடிவருபவள் கோகிலா. இருபத்தாறு வயது, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பறை. மாமனைப் பார்த்தாள். மாமன் பார்க்கவில்லை.

அவள் முதல் தட்டுத் தட்டுவதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் மாரிமுத்து எழுந்து வந்து டேப்பை அவள் கையிலிருந்து எடுத்தார். பிடுங்கினார் என்று எழுத மாட்டேன். பாத்திரம் வாங்குகிற மாதிரி சாதாரணமாக எடுத்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பதுளையில போயி நீ பேசுனது நம்ம காதுக்கு வந்திருச்சும்மா. காமன் எடத்துல அந்தப் பேச்சுக்காரி பாட வேணாம்."

"இங்க நான் காமனைத்தானே பாடப் போறேன்?"

"நாளைக்கு மத்த தோட்டத்துக்காரன் நம்மளப் பாத்து என்ன கேப்பான்? எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. ஊர் முன்னால மன்னிப்புக் கேளு, பாடு. இல்லன்னா ஒங்க வீட்டு மாவிளக்க இந்த வருசம் எடுக்க மாட்டோம்."

பெண்கள் வரிசையில் மாவிளக்குத் தட்டோடு ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். சுதனின் அம்மா லெட்சுமி. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள் அந்தத் தட்டை இறுக்கிப் பிடித்தன. பக்கத்தில் நின்ற பெண்கள் சும்மா ஒரு அடி தள்ளி நின்றார்கள். மாவிளக்கை எடுக்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். சித்திரைக்குச் சுதன் வருவதாவது! நான் கொண்டுபோக வேண்டிய பதில் என் கண்ணெதிரே தயாராகிக்கொண்டிருந்தது. எட்டு ஊருக்குக் கேட்கப் பேசும் நான் பொன்னையாவைத்தான் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று கோகிலா தலையை ஆட்டினாள்.

அப்போது ஒரு சத்தம். பொன்னையா தன் டேப்பைக் கவிழ்த்து மண்ணில் வைத்தார். தோல் மண்ணில் படக் கவிழ்த்தால், பாட்டுக்காரன் பாட மறுக்கிறான் என்று பொருளாம். அந்த முன்றலில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"என்ன பொன்னையா?" தலைவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "ஒனக்காகத்தானே சொல்றேன்? நீ ஒத்துக்காததத்தானே அவ பேசுறா?"

"ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்கல."

"பொறவு?"

"எதிர்க்கட்சி இல்லாம நான் யாரோட பாடுறது, இந்த ஸ்பீக்கர் பொட்டியோடயா? போன வாரம் பதுளையில எம் மைக்க அமத்துனாங்க. அன்னைக்கு என்னை விடப் பெருசாக் குதிச்சவரு நீங்க. அநியாயம் அநியாயம்னு கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நின்னு கத்துனீங்க. இன்னைக்கு இது என்ன?"

"அது வேற, இது கோயிலு."

"கோயில்லதான் தலைவரே ரெண்டு கட்சியும் பாடணும்னு வச்சிருக்கு. அந்தப் புள்ள கையில டேப்பக் குடுங்க. இல்லன்னா காமன் அப்புடியே நிக்கட்டும்."

காமனை நட்டுவிட்டு எரிக்காமல் விடுவதா? பக்கத்து மலையில் ஒரு கொழுந்து முளைத்த சத்தம் எனக்குக் கேட்டது. தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி ஆகாயத்தைப் பார்த்தார். கடைசியில் டேப் கோகிலாவின் கைக்குத் திரும்பியது.

அவள் மைக்கைக் கிட்ட இழுத்தாள். "பதுளையில மாமாவ வெளிய விட்டப்ப நான் கை தட்டுனேன். அது..."

"பாட்டுல சொல்லு புள்ள! வசனம் யாருக்கு வேணும்?" என்று அதட்டினார் மாமன். கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே அவள் டேப்பைத் தட்டினாள்:

"ரதிக்கு மட்டும் தெரிவான்னு சிவன் சொன்ன பேச்சு, மாமா
ஊருக்கெல்லாம் தெரியாதவன் உசுரிருந்தென்ன ஆச்சு?
காப்புக் கட்டி நட்ட காமன் கண்மறைஞ்சு போனான்,
வாசல் வந்து நிக்க முடியா மகன் எரிஞ்சே போனான்!"

லெட்சுமி அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். யாரைப் பாடுகிறாள் என்று அங்கே யாருக்குத்தான் தெரியாது? நான் பொன்னையாவைப் பார்த்தேன். மனுஷன் மாட்டிக்கொண்டார். அவருடைய கட்சி எரியாத கட்சி. மகன் எரியவில்லை, இருக்கிறான் என்றுதான் அவர் பாடியாக வேண்டும். கவிழ்த்து வைத்த டேப்பை எடுத்து, மண்ணைத் தட்டி, நெற்றியில் ஒற்றிக்கொண்டார். குரல் எடுத்தார், லொறி மேட்டில் ஏறியது:

"எரியலம்மா எரியல என் தங்கச்சி பெத்த பிள்ளை,
இருக்கிறவன் வரட்டும், எங்க வாசலுக்குப் பூட்டு இல்லை.
சோறு போடுவேன் தாய்மாமன், சொன்ன சொல்லு மாறல,
தாலிக்குச் சரின்னு சொல்ல என் நாக்குல வார்த்தை ஏறல!"

நான் எத்தனையோ கச்சேரி கேட்டவன். அப்படி ஒரு பதில் பாட்டைக் கேட்டதில்லை. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கில் சொன்னாள்: "இன்னைக்கு வாசலக் கேட்டேன் மாமா. தாலிய அடுத்த வருசம் கேப்பேன்."

"கேளு. அடுத்த வருசமும் இல்லன்னுதான் பாடுவேன்."

"பாடுங்க."

பிறகு ஒன்றரை மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. யார் கருத்தும் மாறியதாகவும் தெரியவில்லை. முடிந்ததும் பெண்கள் மாவிளக்குத் தட்டுகளோடு வரிசையாக நடந்தார்கள். லெட்சுமி அம்மா கடைசியில். தள்ளி நின்ற ஒரு பெண் தன் விளக்கிலிருந்து அவர் திரியை ஏற்றிவிட்டாள். பூசாரி கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் மாரிமுத்துவுக்கு ஸ்பீக்கர் பெட்டி வயர் மேல் திடீரென்று அபாரமான அக்கறை பிறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு அதைத் திருகிக்கொண்டிருந்தார். தட்டு உள்ளே போனது.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். காமன் திருவிழாத் தேதி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஊரில் ஒருவரைக் கேட்காமல் புறப்படாதீர்கள். மழை, மண்சரிவால் ரயில் பாதை அவ்வப்போது மூடப்படும்; முதல் நாளே விசாரியுங்கள். தெமோதரையில் தங்க அறை மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து இருக்கிறது. போர்வையை இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். காப்புக் கட்டிய இடத்துக்குள் செருப்போடு நுழையாதீர்கள், படமெடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கட்சியா, எதிர்க் கட்சியா என்று கேட்டு ஒரு பக்கமாக உட்கார வைப்பார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிர்ப் பக்கத்துப் பாட்டு முடியும் வரை எழுந்திருக்காதீர்கள். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வதும்தான்.

திங்கட்கிழமை காலை நிலையத்தில் இறக்கிவிடும்போது பொன்னையா காசு வாங்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்காமலே சொன்னார்:

"அண்ணே, அவன்கிட்ட ரெண்டு விசயம் சொல்லணும். அந்தக் கல்யாணத்த நான் ஒத்துக்கலன்னு சொல்லுங்க. சித்திரைக்கு வரச் சொல்லுங்க. ரெண்டையும் சொல்லணும். நல்லாருக்கும்னு ஒண்ண மட்டும் சொல்லிப்புடாதீங்க."

"அந்தப் பையன், நிரோஷன்?"

திரும்பிப் பின் சீட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். "ஆட்டோவுல பின்னால ரெண்டு பேரு தாராளமா ஒக்காரலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பண்டாரவளை தாண்டிச் சிக்னல் கிடைத்ததும் சுதனை அழைத்தேன். எட்டாயிரம் வார்த்தையில் சொல்லக் கூடிய நான் அன்று இரண்டே வரியில் ஒப்பித்தேன்.

"அங்கிள், எதை மொதல்ல சொன்னாரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "ஒத்துக்கலங்கிறதத்தான் மொதல்ல சொன்னாருப்பா."

அவன் சிரித்தான். அழுகிறானோ என்றும் இருந்தது. ரயில் சத்தத்தில் பிரித்தறிய முடியவில்லை.

"அப்ப நீங்க எனக்காகச் சேத்துச் சொல்லல, மாமாவே சொன்னதுதான். வர்றோம்னு சொல்லுங்க."